புதுப்பார் மீன்

கத்தி முனை களவா மீனின் வயிற்றில் ஒரு நகக்கண் அளவுக்கு இறங்கியதும் கித்தேரி கையை நிறுத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிளந்துவிடும், பிளந்தால் குடல் வரும், குடல் வந்தால் பார்க்க வேண்டியிருக்கும். பார்க்காமலும் இருக்கலாம், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, வாய் யாரிடமோ வம்பளந்துகொண்டிருக்க, எத்தனை ஆயிரம் மீனை இந்தக் கை ஆய்ந்து தள்ளியிருக்கிறது, மீன் என்ன தின்றதென்று எந்தப் பொம்பளை உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணுகிறாள்? ஆனால் இன்றைக்குப் பார்ப்பாள், அது அவளுக்கே தெரியும், தெரிந்ததால்தான் கை நின்றது. "எம்மா, மீனு ஆச்சா?" என்று உள்ளேயிருந்து தெக்கிலா கேட்டாள். பாயிலிருந்து அடுக்களைப் புறத்துக்கு வருவதற்குள் அந்தக் குரல் இளைத்துப்போயிருந்தது. "ஏட்டி, இன்னும் செதிளே போகல, அதுக்குள்ள ஆச்சாமா! மீனு உன்னையப் பாத்து இளிச்சிட்டுல்லா கெடக்கு" என்று கித்தேரி சத்தமாகச் சொன்னாள். சொன்ன சத்தம் நன்றாகத்தான் இருந்தது, வழக்கம்போல, கலகலவென்று. உள்ளே குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. காய்ச்சலில் கிடந்து, கஞ்சித் தண்ணியைக்கூட வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, நாலு வயசுப் பிள்ளை தூக்கினால் ஒரு தலையணைக் கனம்கூட இல்லாமல் ஆகிப்போனது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் போயாச்சும்மா. இனிமே மருந்து சோறுதான். வாய் எதைக் கேக்குதோ அதைக் குடுங்க. சாளை வேண்டாம், சூடு. கருவாடு கூடவே கூடாது. வெள்ளைச் சதை மீனாப் பாத்து மிளகு சாறு வச்சுக் குடுங்க. அதுவும் எறங்கலேன்னா எங்கிட்ட வந்து அழாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று காலையில்தான் பிள்ளை தன் வாயால் கேட்டது. மீன் வேணும் என்றது. இந்த வாயில் அந்த ஒரு சொல் வரவேண்டுமென்று மாதாவிடம் எத்தனை மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள், வந்துவிட்டது, வந்த அன்றைக்குக் கையில் கிடப்பது புதுப்பார் மீன்.

புருசன் பஸ்தியான் அதைப் புதுப்பார் மீன் என்று சொல்லவில்லை. மீனை முற்றத்தில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், கால் கழுவுகிறேன் பேர்வழி என்று தொட்டிப் பக்கம் போய்விட்டான். ஆனால் சொல்ல என்ன இருக்கிறது, இந்தக் கச்சான் காற்றில் எந்தக் கட்டுமரமும் தூரம் போக முடியாது, போனால் கரைக்குப் பக்கத்திலிருக்கும் புதுப்பாருக்குத்தான் போக வேண்டும், களவா பாறையிடுக்கில் குடியிருக்கும் மீன், மணலில் கிடைக்காது. கடலுக்கடியிலிருக்கும் பாறையைத்தான் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் பாட்டன் பூட்டன் காலத்துப் பேர் உண்டு. புதுப்பாருக்கு மட்டும் அப்படியொரு பேர் இல்லை, ஏனென்றால் உலகச் சண்டைக்கு முந்தி அங்கே பாறையே இல்லை, வெறும் மணல். பஸ்தியானின் தூண்டில்தான் முதலில் அங்கே சிக்கியது. இழுத்தபோது தூண்டிலோடு ஒரு தகடு வந்தது, அலுமினியம், ஓரத்தில் கோலப்புள்ளி வைத்ததுபோல் வரிசையாக ஆணித்தலைகள். கப்பல் சாமான் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தான், அவளும் சாம்பல் போட்டுத் தேய்த்து உப்புச்சட்டிக்கு மூடியாக்கினாள். என்ன வாகான மூடி! இரண்டு நாள் கழித்து வந்து, "அந்தத் தகடு எங்கட்டி, குடு" என்றான். "எதுக்கு?" "சும்மாதான்." "சும்மாக் கேட்டா குடுக்க நான் என்ன இளிச்சவாயா? நல்ல மூடி. உங்களுக்கு வேணும்னா இன்னொண்ணு புடிச்சிட்டு வாங்க" என்று அதைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள், அவனும் இரண்டு சுற்றுத் துரத்திவிட்டு, அப்புறம் நின்றுவிட்டான். அவன் முகம் அப்போது ஒருமாதிரி இருந்தது. மூச்சு வாங்குகிறது என்று நினைத்தாள். அந்த இரண்டு நாளில் அவனும் கூட்டாளிகளும் அங்கே மூழ்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, ஊர் முழுக்க அதை ஏரோப்ளேன் பார் என்று சொல்லியிருக்கிறது, அவள் வந்தால் மட்டும் வாயை மாற்றிப் புதுப்பார் என்றிருக்கிறது. போன தவசு காலத்தில் கிணற்றடியில் வியாகுலத்தக்கா, பின்னால் இவள் குடத்தோடு நிற்பது தெரியாமல், "ஏரோப்ளேன் பார்ல களவா கொட்டிக் கெடக்காம்" என்று யாரிடமோ சொன்னபோதுதான் உப்புச்சட்டி மூடி ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அதைக் கையில் எடுத்தாள். அதைக் கடலில் போடவும் முடியவில்லை, கல்லறைத் தோட்டத்தில் புதைக்கவும் முடியவில்லை, சட்டிமேல் வைக்கவும் முடியவில்லை. கூரை ஓலைக்குள் செருகிவைத்தாள். அங்கேதான் இருக்கிறது. மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் வேறொரு சத்தம் கேட்கும்.

அது இஞ்ஞாசி அண்ணன் போன ஏரோப்ளேனாகத்தான் இருக்கவேண்டும் என்று என்ன இருக்கிறது. இங்கேதான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்து மாட்டிக்கொள்ளும். எத்தனை ஏரோப்ளேன் பறந்தது அப்போது, கரையோரமாக, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக்கொண்டு, காலையிலும் மாலையிலும். ஒவ்வொன்றையும் பார்த்துக் கையாட்டியிருக்கிறாள், "எங்க அண்ணன் போறாவ, எங்க அண்ணன்!" என்று கரையே கேட்கக் கத்தியிருக்கிறாள். அண்ணன் செத்தது கடலில் என்று மட்டும்தான் தந்தியில் இருந்தது. எந்தக் கடல்? பர்மாப் பக்கமும் கடல்தான், சிலோனுக்கு அந்தப் பக்கமும் கடல்தான். பஸ்தியான் கட்டுமரத்தில் நின்றபடி ஒன்று விழுந்ததைப் பார்த்தவன். வால் பக்கம் புகைந்துகொண்டு சாய்ந்து வந்து விழுந்ததாம், மரத்தை அந்தப் பக்கம் திருப்பினார்களாம், வாடைக்காற்று எதிர்த்தடித்து விடவில்லையாம், போய்ச் சேர்ந்தபோது தண்ணீர்மேல் எண்ணெய்தான் பரந்து மிதந்ததாம், விழுந்த இடம் எதுவென்று தெரியவில்லையாம். அன்றைக்கு ராத்திரி அவன் இதைச் சொன்னபோது கித்தேரி, "ஐயோ பாவம், எந்தத் தாய் பெத்த புள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே அவனுக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். சவேரியார் திருநாள் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் என்றுதான் அப்போது சொன்னான். திருநாள் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் தந்தி வந்தது. அப்புறம் கேட்டபோது, இல்லை, அது திருநாள் கழிந்து என்றான். இன்னொரு தடவை கிறிஸ்மஸ் கிட்ட என்றான். சொல்லச் சொல்ல அந்த ஏரோப்ளேன் ஒவ்வொரு தடவையும் வேறொரு நாளில் விழுந்தது. "அது முழுக்க வெள்ளக்காரனுவ போன ஏரோப்ளேன்ட்டி, உங்க அண்ணன் அதுல இல்ல" என்றும் சொல்லிப் பார்த்தான். சரி, வெள்ளைக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போ அந்த வெள்ளைக்காரனைத் தின்னலாமா? அவனுக்கும் எங்கேயோ ஒரு தங்கச்சி இருப்பாளே, எதையாவது அரிந்துகொண்டு.

இஞ்ஞாசி அண்ணனுக்குக் கடல் ஆகாது. கடற்கரையில் பிறந்துவிட்டு, நாலு பேருக்குச் சமமாக நீந்தத் தெரிந்தும், கட்டுமரத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். "இஞ்ஞாசி வாந்தி எடுத்தா மீனெல்லாம் மொய்க்குதுடே, தூண்டில்ல இரைக்குப் பதிலா இவனையே மாட்டுங்கடே" என்று மரத்துக்காரர் ஒருவர் சொல்ல, கரையில் நின்ற அத்தனை பேரும் சிரிக்க, பாவாடை கட்டிய கித்தேரியும் கையைத் தட்டிச் சிரித்தாள். அண்ணனும்தான் சிரித்தான், வாயைத் துடைத்துக்கொண்டு. அப்பனும் அம்மையும் வாந்திபேதியில் ஒரே வாரத்தில் போனபின் அவன்தான் அவளை வளர்த்தான். கடலுக்குப் போக முடியாதவன் தூத்துக்குடிக்குப் போய் மூட்டை சுமந்து, சாமியார் சிபாரிசில் தந்தி படித்து, ஏரோப்ளேனுக்குள் உட்கார்ந்து கட்டுக்கடா என்று தந்தி தட்டும் வேலைக்குச் சேர்ந்தான். லீவில் வந்தபோது அவள் தலையில் விரலால் தட்டுவான், கட்டு, கடா, கட்டுக்கடா. "என்னண்ணே சொல்லுது?" "உன் தலையில ஒண்ணும் இல்லங்குது." அவளும் ஒரு கரண்டியை எடுத்து அவன் முதுகில் தட்டிவிட்டு, "இது என்ன சொல்லுது தெரியுமா? சோறு தீந்துபோச்சாம்" என்பாள். "ஏளா, மேலருந்து பாத்தா கடலு எப்படி இருக்கு தெரியுமா, வெளுத்த வேட்டியக் காயப்போட்ட மாதிரி, ஆடவே மாட்டேங்குது. எனக்கு வாந்தியே வரல" என்று சொன்னான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சந்தோசம். கடலிலிருந்து தப்பித்துவிட்டவன் முகம். நீந்தியிருப்பான். நாலு பேருக்குச் சமம். ஆனால் கம்பளிச் சட்டை போட்டிருந்தானே, முழங்கால் வரைக்கும் தோல் செருப்பு, மேலே குளிரும் என்று சொன்னானே, அதைக் கழற்ற நேரம் இருந்திருக்குமா, முதலில் இடது காலா வலது காலா, கயிறு முடிச்சுப் போட்டதா, இல்லை இழுத்தால் வருவதா. கேட்டு வைத்திருக்கலாம். யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்.

சட்டென்று ஒரு யோசனை வந்தது, வந்ததும் அவளுக்கே உற்சாகமாகிவிட்டது. மாற்றிக்கொண்டால் என்ன? மீனைக் கூடையால் மூடிவைத்துவிட்டு எழுந்து வேலி ஓரம் போனாள். "யக்கா! வியாகுலத்தக்கா! உங்க வீட்ல இன்னைக்கு என்ன மீனு?" அக்கா தலையில் எண்ணெய் வழிய வெளியே வந்தாள். "ஏன், சம்பந்தி விருந்துக்கு வாரியா?" "வேற மீனு எதாவது இருந்தாக் குடுங்க, நான் ஒரு முழம் களவா தாறேன்." "களவாவக் குடுத்துட்டு வேற மீனா? ஏட்டி, காய்ச்சல் புள்ளைக்கா ஒனக்கா?" என்று அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. தலையில் கிடந்த எண்ணெயை இரண்டு கையாலும் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். "எங்க வீட்லயும் களவாதான் கித்தேரி" என்றாள் மெதுவாக. "இன்னைக்கு மூணு மரந்தான் போச்சு. மூணும் அங்கனதான். வேற எங்க போவாவ, இந்தக் காத்துல?" அப்புறம், "கருவாடு இருக்கு, தரட்டா?" என்றாள். "கருவாடு கூடாதாம்க்கா." "கோழி?" "முட்ட வைக்கிற ஒத்தக் கோழி. அதையும் முந்தாநாளு நரி கொண்டுபோச்சு. நம்ம வீட்டுக்கு வாரதுல நரிக்குத்தான் என்ன பிரியம்" என்றாள் கித்தேரி, தமாசாகச் சொல்லிவைத்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருக்குமே என்று. அக்கா சிரிக்கவில்லை. வேலிக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். கை முழுக்க எண்ணெய். விட்டுவிட்டு உள்ளே போனாள். அக்கா வீட்டுப் புகையில் மீன் கொதிக்கிற வாசம் வந்தது. அடுத்த வீட்டுப் புகையிலும் அதுதான். தெரு முழுக்க அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது பஸ்தியான் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். பூனை வராமல் பார்த்துக்கொள்கிறானாம். "களவா எத்தன வருசம் உசிரோட இருக்கும்?" என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், அவள் எதற்குக் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது, இத்தனை மாதமும் இரண்டு பேரும் புதுப்பார் புதுப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தது அங்கேயே அவிழ்ந்து விழுந்தது. "ஒரு வருசம். மிஞ்சிப்போனா ரெண்டு" என்றான். பொய். ஆள் உயரக் களவாவை அவனே பிடித்திருக்கிறான், இது உங்க பாட்டன் காலத்து மீனுட்டி என்று சொல்லியிருக்கிறான். ஆனால் இது சின்னது. அவள் தன் முழங்கையை மீனோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒரு முழம், கொஞ்சம் கூட. இது சண்டை முடிந்தபிறகு பிறந்த மீனாகத்தான் இருக்கும். சின்ன மீன், ஒன்றும் அறியாத மீன், தெக்கிலாவைவிடச் சின்னது. அப்பாடா என்று இருந்தது. இருந்து முடிவதற்குள், இதைப் போட்ட தாய் மீன் எதைத் தின்றது என்று தோன்றியது. சீ. "சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "என்னத்தச் சொல்ல?" என்றான் அவன். "நீ மூடியத் தூக்கிட்டு ஓடுன. சிரிச்சிட்டே ஓடுன. நான் என்னத்தச் சொல்ல?" கத்தியை எடுத்தாள், அழுத்தினாள். குடல் வந்தது. விரலுக்கு ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது, உருண்டையாக, வழவழவென்று, சட்டைப் பொத்தான் அளவு. மாதாவே. பஸ்தியான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தானில் எத்தனை ஓட்டை இருக்கும், நாலு, அண்ணன் சட்டைப் பொத்தானை அவள்தானே தைத்துக் கொடுத்தாள், பித்தளை, பித்தளைக்கு ஓட்டை கிடையாது, பின்னால் ஒரு வளையம் இருக்கும். நகத்தால் வழித்தாள். நத்தை. சின்னதாக ஒரு கடல் நத்தை, முதுகில் பழுப்புக் கோடு. பஸ்தியான் விட்ட மூச்சு அவளுக்குக் கேட்டது. நத்தைதானே. நத்தையாக இருந்ததற்காக அவளுக்கு அழுகை வந்தது, பொத்தானாக இருந்திருந்தாலாவது கொண்டுபோய்ப் புதைத்திருக்கலாம், ஒரு சிலுவை நட்டிருக்கலாம், ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரையும் போல அவளும் ஒரு இடத்தில் மெழுகுவர்த்தி வைத்திருக்கலாம்.

மிளகையும் சீரகத்தையும் தட்டிப் போட்டாள், நாலு பூண்டுப் பல், புளி ரொம்பவும் கொஞ்சம். சாறு கொதித்ததும் துண்டுகளை ஒவ்வொன்றாக விட்டாள். சதை வெள்ளை வெளேரென்று திரண்டது. நல்ல மீன், மனசறிந்து குறை சொல்ல முடியாத மீன், இந்த மீன்மேல் என்ன தப்பு இருக்கிறது, அது அதன் வீட்டில் இருந்தது. யாருடைய வீட்டில்? தட்டு தட்டென்று சட்டி மூடி ஆடியது. அண்ணன் கடைசியில் எதைத் தட்டியிருப்பான். விழுவது தெரிந்தால் தட்டவேண்டும் என்று சொல்லியிருந்தான், எங்கே விழுகிறோம் என்று தட்டினால் தேடி வருவார்களாம். தட்டியிருப்பான், யாரோ ஒருவன் எங்கேயோ காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருப்பான், பாதியில் நின்றிருக்கும். அந்த நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? இதேபோல் அடுப்புமுன் இருந்திருப்பாள். வேறென்ன. அழுதாலும் உலை கொதிக்கிறது, அழாவிட்டாலும் கொதிக்கிறது. தெக்கிலா சாப்பிட்டால் பிழைப்பாள், சாப்பிடாவிட்டால் மாட்டாள், இடையில் நின்று யோசிக்க இடமே இல்லாமல் ஒரு மீனை வைத்து அடைத்துவிட்டார் சர்வேசுரன். குழந்தை துப்பிவிட்டால்? துப்பிவிடட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும், வேண்டாம் வேண்டாம், துப்பக் கூடாது, மாதாவே, நான் நினைச்சதை எடுத்துக்காதே என்று சொல்லிக்கொண்டே சட்டியை இறக்கினாள்.

குழைந்த சோற்றில் சாறை ஊற்றிப் பிசைந்து, முள் பார்த்து, பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு முதல் வாய் கொடுத்தாள். தெக்கிலா அதை வாய்க்குள் வைத்திருந்தாள். கித்தேரி மூச்சை விடவில்லை. வாசலில் பஸ்தியானும் நின்றான். தொண்டை ஏறி இறங்கியது. "எறங்கிட்டுட்டி" என்றான் அவன், யாரும் கேட்டுவிடக் கூடாததுபோல். இரண்டாவது வாயும் இறங்கியது. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கும்போது குழந்தை, "எம்மா, மீனு என்னம்மா திங்கும்?" என்று கேட்டது. கித்தேரியின் கை அப்படியே நின்றது. "பேசாமத் தின்னு!" என்று பஸ்தியான் போட்ட அதட்டலில் குழந்தை நடுங்கி உதட்டை இறுக்கிக்கொண்டது. கொடுத்த சோறு உதட்டில் பட்டு மடியில் விழுந்தது. "வேண்டாம்." "எம் பொன்னுல்லா, வாயத் தெற." "சொன்னாத்தான் திம்பேன்." சொன்னால்தான் தின்பாள். சரி. கித்தேரி தொண்டையைக் கனைத்தாள், எப்போதும் பேசும் குரலைத் தேடி எடுத்தாள். "பாசி திங்கும்" என்றாள். வாய் திறந்தது. "அப்புறம்?" "றாலு திங்கும். சின்ன றாலு, மீச வச்சிருக்குமே." ஒரு வாய். "அப்புறம்?" "நண்டுக்குஞ்சு. நத்தை. கணவாய்." ஒரு வாய். "அப்புறம்?" வட்டிலைப் பார்த்தாள், பாதிகூடக் குறையவில்லை, அதற்குள் அவளுக்குத் தெரிந்த கடல் தீர்ந்துபோனது. அவள் பஸ்தியானைப் பார்த்தாள். அவன் வாசற்படியில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான், முதுகுதான் தெரிந்தது. "சூடைக்குஞ்சு" என்றான். "ம், சூடைக்குஞ்சு" என்றாள் அவள். ஒரு வாய். "காரப்பொடி." "காரப்பொடி திங்கும்." ஒரு வாய். "கடல்புழு" என்றான், "கடல் பேன், செங்கால் நண்டு, கல்லுல ஒட்டியிருக்குமே மட்டி, அது" என்று, காற்றுக்குமேல் கேட்கட்டும் என்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான், அவள் வாங்கி வாங்கிப் பிள்ளைக்குச் சொன்னாள், இரண்டு பேருமாகக் கடலிலிருக்கிற அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்துவிடுகிறவர்களைப்போலச் சொன்னார்கள். பஸ்தியானின் குரல் ஓர் இடத்தில் நின்றது. கித்தேரி காத்திருந்தாள். வட்டிலில் இன்னும் மூன்று நாலு வாய் இருந்தது.

"அப்புறம்?" என்றாள் தெக்கிலா, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.